மஞ்சாரின் பண்கள்

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சனத்துக்குப் பத்து மணிக்குத் தேத்தண்ணி எதுக்குடி?"

"சத்தம் போடாதீங்க அக்கா. பத்து மணிக்குப் பண் மாறும்னுதான் சொன்னேன்," என்றாள் கிருஷாந்தி.

"மலையில நமக்குத் தேத்தண்ணி வாற நேரம் பாத்து மாறுதாக்கும்?"

நாகலெட்சுமி அடுத்த வீட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. காதில் விழுந்தால் அவளைக் குறை சொல்லி என்ன செய்வது?

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் விழுகிறது. ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கஜேந்திரன், "இந்த மலையில ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி மஞ்சார்னு ஒரு சனம் இருந்தாங்களாம். அவங்க பாட்டு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கிருஷாந்தியிடம் கேட்டிருக்கிறான். தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பையனோ லட்சணமாக இருந்தான். "எங்க அம்மா வழி அதுதாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் கொப்பியும் கையுமாக அக்கரப்பத்தனைக்கு வருகிறான். அவள் வாய்க்கு வந்ததைப் பாடி விளக்குகிறாள். அவன் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறான்.

"ஏறும்போது நாலு சுரம், எறங்கும்போது ஆறு. வெறுங்கூடையோட ஏறி, கொழுந்தோட எறங்குற கத. அந்திப் பண்ணுல மூணாஞ் சுரம் ஆடி ஆடி நிக்கணுமாம். அது கொழுந்து நிறுக்கிற தராசு. எனக்கா தெரியாது?" என்றாள் நாகலெட்சுமி.

"அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க அக்கா. அப்புறம் வரவே மாட்டாரு."

நாகலெட்சுமியின் மனம் இளகத்தான் செய்தது. வாய்தான் இளகவில்லை. கஜேந்திரன் படியேறி வந்ததும் தேத்தண்ணி, கூடை, தராசு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அவன் கொப்பியை மூடினான்.

"மன்னிச்சிருங்க," என்றாள் கிருஷாந்தி, தலை நிமிராமல். "நான் பாடினது எதுவுமே மஞ்சாரோடது இல்ல. எல்லாம் நானா கட்டினது."

"பாவம் தம்பி, மூணு மாசம் வீணாப்போச்சு. இனி வேற தோட்டத்துல போயி விசாரிங்க," என்றாள் நாகலெட்சுமி.

"எந்தத் தோட்டத்துல விசாரிக்கிறதுங்க? மஞ்சார்னு ஒரு சனமே கெடையாது. பஸ்ஸுல இவங்ககூடப் பேச வேற சாக்கு வாயில வரல."

தையில் கலியாணம் முடிந்து இருவரும் மஸ்கெலியாவுக்குக் குடிபோனார்கள். சீர்த் தட்டை முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நாகலெட்சுமி.