லாரி நிழல்

துறைமுகச் சாலையோரம் நிற்கும் உப்பு லாரியின் நிழலில் இசக்கிசெல்வி பாய் விரித்திருக்கிறாள். வீடில்லாத அவளுக்குப் பகலில் இதுதான் இடம். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கசியும் உப்புநீர் சாலையில் சொட்டி வெள்ளையாகக் காய்கிறது. பிள்ளை வளர்ப்பைத் தாய்மாருக்குச் சொல்லித்தர வரும் உமாராணி, பாயோரம் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். தவழும் பிள்ளை சுடலை அதைப் பார்க்காமல் பின்சக்கரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டுகிறான். “பேரச் சொல்லிக் கூப்பிடு, இசக்கி. திரும்புதானான்னு பாப்போம்.” “சுடலை. ஏலே சுடலை.” அவன் திரும்பவில்லை. தூரத்தில் கப்பல் ஊதுகிறது, அதற்கும் திரும்பவில்லை. “இவன்கிட்ட நீ பேசுததே இல்லையா?” என்று உமாராணி கேட்டு முடிப்பதற்குள் லாரி உறுமுகிறது. கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டுப் பிள்ளை வேகவேகமாகத் தவழ்ந்து வருகிறான். அழவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொள்கிறான். “இது ஒண்ணுதாக்கா சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றபடி இசக்கிசெல்வி மறுகையால் பாயை இழுக்கிறாள். உமாராணி பதறி எழுகிறாள். டிரைவர் கீழே பார்க்கவில்லை. லாரி நகர, மூவர்மேலும் வெயில் விழுகிறது. பிள்ளை தோண்டிய சிறு குழியின்மேல் பின்சக்கரம் ஏறி இறங்குகிறது.