ரோஸ் கட்டு, மஞ்சள் கட்டு

“அடப்பாவி, குடியைக் கெடுத்தியேடா!”

அச்சகக்காரர் தலையில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எதிரே அவருடைய மச்சான் திருதிருவென்று விழித்தான்.

“மஞ்சள் கட்டு மீசைக்காரருக்கு, ரோஸ் கட்டு கண்ணாடிக்காரருக்குன்னுதானே மாமா சொன்னீங்க? கொடுத்துட்டேனே!”

“தலைகீழாக் கொடுத்துட்டு வந்து நிக்கிறியேடா! ரோஸ்தான்டா மீசைக்காரருக்கு!”

மீசைக்காரர் ஊரில் ஒரு மதத்தாருக்குத் தலைவர், கண்ணாடிக்காரர் இன்னொரு மதத்தாருக்கு. ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், இருவருமே அடுத்தவரின் மதத்தைக் கிழி கிழியென்று கிழித்து எழுதி, நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். “பேரைப் போட்டா கேஸாயிடும். ‘அவர்கள்’னு மட்டும் போடுங்க, நம்ம ஆளுங்களுக்குப் புரியும்” என்று இருவரும் காதோடு சொல்லியிருந்தார்கள்.

அச்சடிப்பதைப் படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பது அச்சகக்காரரின் கட்சி. அதனால் இரண்டையுமே அவர் படிக்கவில்லை. ஆனால் பேர் இல்லாவிட்டால் என்ன, திட்டு யாருக்கு என்று தெரியாமலா போகும்? போன வருஷம் ஏதோ ஒரு புரளிக்காகப் பக்கத்துத் தையல்கடையை நொறுக்கிய புண்ணியவான்கள் ஆயிற்றே! மெஷின் மேல் கை வைத்தால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

காகிதம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “என்னங்க, நான் ஒண்ணு சொல்…”

“நீ வாயைத் திறக்காதே! முந்தாநாள் நான் கல்யாணத்துக்குக் கிளம்புறப்பவும் இப்படித்தான், ‘எழுத்தை ஏத்த பிளேட் ஒண்ணுதான் இருக்கு, வாங்கலாம்னா கடை லீவு’ன்னு மூக்கால அழுதே. சமாளின்னேன், சமாளிச்சே இல்ல? இதை நான் சமாளிச்சுக்கறேன்.”

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

மீசைக்காரரின் மண்டபத்தில் ஒரே கூட்டம். எல்லார் கையிலும் மஞ்சள் நோட்டீஸ். போச்சு, எல்லாம் போச்சு!

மீசைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க…”

“மன்னிப்பா? வாய்யா இப்படி!” என்று அப்படியே கட்டிக்கொண்டார். “‘அவர்கள் நீட்டும் தண்ணீரில்கூட விஷம் இருக்கும்.’ என்ன வரிய்யா! நான்தான் எழுதினேனான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. படிச்சதுலேருந்து நம்ம பசங்களுக்கு ரத்தம் கொதிக்குது!”

அச்சகக்காரருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதிக்காகக் கண்ணாடிக்காரரிடம் ஓடினார்.

அங்கே ரோஸ் நோட்டீஸ். ஒரு பெரியவர் அதை மடித்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

“நம்ம ஆளுங்க மனசுல இருந்ததை அப்படியே பிட்டுப் பிட்டு வச்ச மாதிரி இருக்குங்க. நாளைக்கே இன்னும் ரெண்டு கட்டு அடிச்சுடுங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்று ஒரு டம்ளரை நீட்டினார். “தைரியமாக் குடிங்க, இது நம்ம தண்ணி.”

ஒரே மடக்கில் குடித்துவிட்டு அச்சகக்காரர் பறந்து வந்தார். கடைக்குள் நுழையும்போதே சிரிப்பு தாங்கவில்லை.

“அடியே, கூத்தைக் கேளு! தன்னைத் திட்டின நோட்டீஸை அவனவன் தலையில வச்சுக் கொண்டாடறான்! மாத்திக் கொடுத்தோம்னு ஒரு பயலுக்கும் தெரியலை. அத்தனை பேர் படிச்சும் ஒருத்தன்கூடவா கண்டுபிடிக்கலை?”

மனைவி மெஷினிலிருந்து அந்த ஒரே பிளேட்டைக் கழற்றி, மையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“எப்படிங்க கண்டுபிடிப்பாங்க? ரோஸ்லயும் மஞ்சள்லயும் நான் அடிச்சது ஒரே நோட்டீஸ்தானே!”