முதுகில் எழுதிய பாடம்

பள்ளியிறுதியான ஐந்தாம் படிவச் சீன மொழித் தேர்வுக்கு லோஷினி எழுதிப் பழகியது அப்பாவின் முதுகில்தான். மோட்டார் சைக்கிளில் ஏறினால், பள்ளி வரும்வரை அவள் விரல் ஓயாது. சீனம் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அப்பா குணாளனின் முதுகுக்கு எல்லாம் மனப்பாடம்.

தேர்வன்று பள்ளி வாசலில், “கடைசி எழுத்துல ஒரு கோடு விட்டுட்டியேம்மா,” என்றார். அவள் சிரித்தபடி அந்தக் கோட்டை இழுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

தனியாகத் திரும்பும் வழியில், தேர்வு தொடங்கும் நேரத்துக்கு, அவர் முதுகில் மறுபடியும் விரல் ஊர்ந்தது. விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனது, ஓர் எழுத்தின் பாதியில் நின்றுவிட்டது. குணாளன் வண்டியை ஓரங்கட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். விரல் அசையவில்லை. மிச்சக் கோடு எந்தப் பக்கம் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதுகை அந்தப் பக்கமாக மெல்லச் சாய்த்தார்.