இருபது நிமிட மௌனம்

முதல் குண்டுச்சரம் வாலைக் கிழித்தது. இரண்டாவது, விமானியின் கூண்டுக்குள்ளேயே பாய்ந்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பாகத் தெறிக்க, அந்த விமானம் ஒற்றை இறக்கையோடு சுழன்று கடலில் விழுவதை ஹில்பிரான்ட் கடைசிவரை பார்த்தார். பிறகு மேசையிலிருந்த காப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

ஆஸென் நகரத்தில் அவர் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் மதியம் நடக்கும் போர் இது. பன்னிரண்டு நண்பர்கள் அவரவர் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து பறப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது ஹில்பிரான்ட் இழைத்து இழைத்துச் செய்து, பெட்டியில் தன் முகவரி எழுதி அனுப்பிய ஜாய்ஸ்டிக்தான்.

"எவனுக்கு என்ன அடி? சீக்கிரம் சொல்லித் தொலைங்கடா" என்றான் படைத்தலைவன் மார்னிக்ஸ். பெல்ஜியத்துக்காரன். வசவு இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது.

ஹில்பிரான்ட் பேசும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதை அழுத்தினால்தான் மைக் திறக்கும். நிஜ விமானம் ஒன்றிலிருந்து கழற்றி விற்ற பொத்தான் அது, நேற்றுத்தான் மாட்டினார். பழையதைப் போலத் துள்ளாமல் கெட்டியாக உள்ளே போய் உட்கார்ந்தது. நல்ல சரக்கு என்று மெச்சிக்கொண்டு, "எனக்கு ஒரு கீறலும் இல்லடா" என்றார்.

அடுத்த இலக்கு கடலுக்கு அப்பால் இருந்த துறைமுகம். இருபது நிமிடப் பறப்பு. அதுவரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, தும்மினால்கூட அடுத்த வாரம் சேர்க்க மாட்டேன் என்றான் மார்னிக்ஸ். கடல் தாண்டும்போது மௌனம் என்பது அந்தப் படையின் சட்டம்.

இந்த இருபது நிமிடத்துக்காகத்தான் ஹில்பிரான்ட் ஒரு மாதமாகக் காத்திருந்தார். ஹெட்போனைக் கழற்றித் திரையோரம் மாட்டினார். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். விமானம் மயிரிழைகூடப் பிசகாமல் நேராகப் போனது.

ஐந்து வருடம் ஸ்பிரிங்கும் பேரிங்கும் மாற்றி மாற்றி அவர் கண்ட நுட்பம் அது. அதைத்தான் கூட்டாளி ரூலோஃப் தன் பெயரில் பதிவு செய்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். கூடவே இருந்து குழி பறித்தவன், அதில் சந்தேகமே இல்லை.

காப்பி குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவனை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மூன்று அடித்ததும், தெரிந்தவர்கள் வருவதுபோல் பின்வாசல் வழியாக நுழைந்து ரூலோஃப் மாடியேறி வந்தான்.

அந்த மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்தானது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதில் உருண்டு செத்தவர்களும் உண்டு. ரூலோஃபும் அப்படித்தான் சாகப்போகிறான். அந்த நேரத்தில் ஹில்பிரான்ட் காதை மூடிக்கொண்டு வானத்தில் இருந்தார் என்று பன்னிரண்டு பேர் சாட்சி சொல்வார்கள்.

ரூலோஃப் திரையைப் பார்த்துச் சிரித்தான். "கை வெக்காமலே போகுதே. நம்ம சரக்கு நல்லாத்தான் வந்திருக்கு, இல்ல?"

"நம்ம சரக்கா?" என்றார் ஹில்பிரான்ட்.

ஜாய்ஸ்டிக்கை உயர்த்துவதற்கென்று வாங்கிய இரும்புக் குழாய் கையில் தயாராக இருந்தது. முதல் அடி காதோரம் விழுந்தது. படியின் விளிம்பில் மண்டியிட்ட ரூலோஃப், ரத்தம் வழிந்த கையைக் கூப்பினான்.

"ஹில்பிரான்ட், வேணாம். நாளைக்கே எல்லாத்தையும் உன் பேருக்கு எழுதித் தரேன். எம் பொண்ணுக்கு ஏழு வயசுதான்."

இரண்டாவது அடியில் பல் தெறித்தது. மூன்றாவதில் மண்டை பிளந்தது. துரோகியாகவே இருக்கட்டும், மகளைச் சொல்லிக் கெஞ்சுகிறவனை அடிக்க ஒரு மனிதனுக்கு எப்படிக் கை வரும்? அவருக்கு வந்தது. பிறகு காலால் ஓர் உந்து. தலை ஒவ்வொரு படியிலும் மோதிக்கொண்டே கீழே போய் நின்றது.

குழாயைத் துடைத்து ஜாய்ஸ்டிக்கின் அடியில் திருகி மாட்டினார். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தது. காதில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் பதின்மூன்று விமானங்களும் அணி கலையாமல் போய்க்கொண்டிருந்தன.

கரை தெரிந்ததும் மார்னிக்ஸ்தான் முதலில் பேசினான். "ஹில்பிரான்ட், இருக்கியாப்பா?"

"இங்கதானே இருக்கேன். வேற எங்க போவேன்?"

"நல்லது. இன்னிக்கு முதல் குண்ட நீயே போடு. நிதானமாப் போ, ஒண்ணும் அவசரமில்ல."

முதல் குண்டை மார்னிக்ஸ் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஹில்பிரான்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைகீழாகப் பாய்ந்து குண்டுகளைக் கொட்டினார். எண்ணெய்க் கிடங்கு வெடித்தது, உடம்பெல்லாம் தீயோடு ஆட்கள் ஓடிச் சுருண்டு விழுந்தார்கள். வழக்கமாகக் கூச்சல் போடும் நண்பர்கள் இன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு சுற்று வா என்றான் மார்னிக்ஸ். வந்தார். இன்னும் ஒன்று என்றான். அதற்கும் போனார்.

போதும், இனி கீழே இறங்கி உடலைக் கண்டு அலற வேண்டியதுதான் என்று தோன்றியது. கண்ணாடி முன் நின்று மூன்று நாள் பழகிய அலறல்.

"தொண்ட காயுதுடா. கீழ போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

"போப்பா. போலீஸ்காரங்க உன் வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்களாம்."

போலீஸ் எதற்கு என்று ஹில்பிரான்ட் கேட்டார். அழுத்திய பொத்தான் மேலே எழும்பாமல் உள்ளேயே கிடந்ததை அப்போதுதான் பார்த்தார்.

மார்னிக்ஸ் அப்போதும் திட்டவில்லை.

"ரூலோஃப் கெஞ்சினத நாங்க பன்னெண்டு பேரும் கேட்டோம்."