தொப்பி போட்ட வாத்து

மெக்சிகோவில் ரமோன் என்ற வாத்துக்கு ஒரு கேக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். மணி அடித்ததும் இடுப்பை ஆட்டிக்கொண்டு, "ஓடி வாங்க செல்லங்களா! உள்ளே ஜாம், வெளியே சாக்லேட், கூடவே ஒரு ஸ்டிக்கர்!" என்று கூவ வேண்டும். அவ்வளவுதான், பிள்ளைகள் அம்மாக்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், அதன் குஞ்சு லூபே புல்லைத் தொடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எனக்கு அந்தக் கேக்தான் வேணும்."

"அதெல்லாம் வயித்துக்கு ஆகாது கண்ணு. புல்லைச் சாப்பிடு."

"அப்போ ஊர்ப் பிள்ளைங்களை மட்டும் ஏம்ப்பா கூப்பிடுறே?"

ரமோன் தொப்பியைக் கழற்றி மூலையில் வைத்தது. மறுநாளும் லூபே எதையும் தின்னவில்லை. ரமோன் கெஞ்சிப் பார்த்தது, மிரட்டிப் பார்த்தது, குஞ்சு அசைவதாக இல்லை. கழுத்து வேறு துவண்டுவிட்டது. ரமோன் சட்டென்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டியது.

"ஓடி வாங்க செல்லங்களா! உள்ளே பச்சை, வெளியே பச்சை, கூடவே ஒரு ஸ்டிக்கர்!"

லூபே துள்ளி எழுந்து ஓடிவந்தது. ஒரு கட்டுப் புல்லையும் மூச்சு விடாமல் தின்று தீர்த்தது. ரமோனுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வித்தை வீட்டிலும் பலிக்கிறதே!

குஞ்சு மட்டும் வெறும் தரையை அலகால் கிளறிக்கொண்டே இருந்தது.

"இன்னும் என்னடா தேடுறே, தங்கம்?"

"ஸ்டிக்கரைத்தான்ப்பா."