மடையில் படுத்த எருமை

குளத்து மடைவாயை அடைத்துக்கொண்டு ஓர் எருமை படுத்திருந்தது. கீழே வாய்க்கால் காய்ந்துபோய், தவளைகள் நாளுக்கு நாலு செத்தன. தவளைகள் ஏன் தாகத்தில் கிடக்கின்றன என்று விசாரிக்க விலங்குகள் ஒரு குழு அமைத்தன. எருமைதான் தலைவர். எழுதிக்கொள்ள ஒரு கொக்கு.

குட்டிகளைப் பறிகொடுத்த தவளை ஒன்று வந்து, கொக்குக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

"ஏம்மா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பே?" என்று எருமை கேட்டது.

"நீங்க எழுந்திரிச்சாப் போதுங்கய்யா. தண்ணி தானா வந்துடும்."

கொக்கு படிவத்தைப் புரட்டியது. "சோம்பேறித்தனத்துக்குக் கட்டம் இருக்கு. பிள்ளைங்க அதிகம்ங்கிறதுக்கும் இருக்கு. இந்தம்மா சொல்றதுக்கு இல்லைங்க."

"சோம்பேறித்தனத்துல போட்டுக்க."

அந்த நேரம் எருமைக்கு முதுகு அரித்தது. ஒரு பக்கமாகப் புரண்டது. அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடியது. தவளைகள் விழுந்தடித்துக் குடித்தன.

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா, நம்ம குழு வந்த பிறகுதான் இதுங்களுக்குத் தண்ணியே கிடைச்சிருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் நாம இங்கேயே இருக்கணும்னு எழுது."

சொல்லிவிட்டு, மறுபடி மடையில் நன்றாக அமுங்கிப் படுத்தது.