நியெமி கை நீட்டினார்

வடக்கு மிச்சிகனில் அந்தக் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு முப்பத்தோரு வருஷமாக ஆர்வோ நியெமிதான் கோச். எந்த ஆட்டக்காரன் மேலும் அவர் கை வைத்ததில்லை.

அன்றைக்கு வைத்தார்.

எதிரணியின் பெல்டியர், நியெமி அணியின் டெரிக்கைத் தடுப்புப் பலகையில் மோதிச் சாய்த்தான். கையுறையை உதறிவிட்டு, விழுந்து கிடந்தவன் முகத்திலேயே குத்தினான். டெரிக்கின் பல் தெறித்தது. பனியெல்லாம் ரத்தம்.

நியெமி பலகையைத் தாண்டிக் குதித்தார். பெல்டியரைச் சட்டையோடு தூக்கி, ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்து, மூக்கிலேயே விட்டார் ஒரு குத்து.

"விழுந்தவனையாடா அடிக்கிற? இதையாடா கத்துக்கிட்ட?"

இன்னொரு குத்து. நடுவர்கள் மூன்று பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்தது. பெல்டியர் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. டெரிக்குக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

மருத்துவ அறையில் அவன் உதட்டுக்குத் தையல் போட்டு முடித்தபோது, விளையாட்டுத் துறைத் தலைவர் ஹார்லன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"அவங்க போலீஸுக்குப் போறாங்க ஆர்வோ! உங்க வேலை போச்சு!"

"போகட்டும்," என்றார் நியெமி, வீங்கிய விரல்களைத் தடவியபடி.

டெரிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்காகவா கோச்?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மூக்கில் பஞ்சோடு பெல்டியர். ஹார்லன் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார்.

பெல்டியர் அவரை விலக்கிவிட்டு டெரிக்கிடம் வந்தான். "தப்புதான். மன்னிச்சிரு."

பிறகு நியெமியிடம் போனை நீட்டினான்.

"போலீஸெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா அம்மா டிவில பார்த்துட்டாங்க. நீங்களே பேசுங்க, அப்பா."